முக்கோணப் பலகாரம்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இவ்வாண்டு விழாவையொட்டி நம் மாதர் குழுவினர் பலகாரக் கண்காட்சி ஒன்றனைத் திறம்பட அமைத்துள்ளனர். அதற்குத் துணையாக, பிற சமயத்தார் தத்தம் பண்டிகை நாள்களில் செய்யும் பலகாரங்களைப் பற்றிச் சிலர் பேச வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்தது. கிறித்துமஸ் கேக்கை ஒரு நண்பர் எடுத்துக்கொண்டார். ரம்ஜான் சேமியாவை மற்றொரு நண்பர் கைப்பற்றினார். எஞ்சி நின்றது யூதர்களின் பூரீம் பண்டிகைப் பலகாரம். மெட்ரிகுலேஷன் வரை படித்து, ரயில்வேயில் எழுத்தராக அமர்ந்து, கணக்குப் புத்தகங்களோடு காலங்கழிக்கும் எமக்கு அது வந்து வாய்த்தது. வந்த சரக்கை மறுக்காமல் ரசீது போட்டு ஏற்றுக்கொள்வது எம் அலுவலக வழக்கம். அவ்வாறே இத்தலைப்பையும் ஏற்றுக்கொண்டோம். படிக்கப் படிக்க, இஃது அயலார் கதை மட்டுமன்று, பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நமக்கும் உரிய கதை என்பது விளங்கிற்று. அதனை உங்கள்முன் வைப்பதே எம் நோக்கம். இஸ்ரேல் நாட்டின் அரசியலைப் பற்றி இன்று உலகில் பலவகைக் கருத்துகள் உண்டு. அஃது இவ்வுரையின் பொருள் அன்று. யாம் பேசப்போவது அடுப்பங்கரையைப் பற்றி.

முதலில் பண்டிகையின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் எஸ்தர் என்னும் சிறு நூல் ஒன்று உண்டு. பாரசீகப் பேரரசில் அகாஸ்வேரு என்னும் மன்னன் ஆண்ட காலத்தில், யூதர்கள் தம் நாட்டை இழந்து, அப்பேரரசின் பல மாகாணங்களில் சிதறி வாழ்ந்தனர். ஆமான் என்னும் அமைச்சன், தன்னை வணங்க மறுத்த மொர்தெகாய் என்ற ஒருவர்மீது கொண்ட சினத்தால், அவருடைய இனம் முழுவதையும் ஒரே நாளில் அழித்துவிட எண்ணினான். அந்த நாளைக் குறிப்பதற்குச் சீட்டுப் போட்டுப் பார்த்தான். அச்சீட்டின் பெயரே பூர் என்பது. பண்டிகைக்குப் பூரீம் என்ற பெயர் அதனால் வந்தது. மொர்தெகாயின் வளர்ப்பு மகளான எஸ்தர் அப்போது அரசியாக இருந்தாள். அழைப்பின்றி மன்னன்முன் சென்றால் உயிருக்கே கேடு என்பதை அறிந்தும் அவள் சென்று, தன் மக்களுக்காக மன்றாடினாள். ஆமான் வீழ்ந்தான், யூதர் பிழைத்தனர். அந்நூல் முழுவதிலும் கடவுளின் பெயர் ஓரிடத்தும் வரவில்லை என்பது அறிஞர்கள் எடுத்துக்காட்டும் புதுமை.

யூதர்களின் நாட்காட்டியில் ஆதார் மாதத்துப் பதினான்காம் நாள் இப்பண்டிகை நிகழ்கிறது. பெரும்பாலும் மார்ச்சு மாதத்தில், முழுநிலவையொட்டி வரும். அன்று எஸ்தர் நூலைச் செபாலயத்தில் உரக்கப் படிப்பர். ஆமானின் பெயர் வரும் இடமெல்லாம் சிறுவர்கள் கிலுகிலுப்பைகளைச் சுழற்றியும் தரையை உதைத்தும் பேரொலி எழுப்புவர். நரகாசுரன் ஒழிந்த நாளில் நம் பிள்ளைகள் வெடி வெடிப்பதை இவ்விடத்தில் நீங்கள் நினைத்துக்கொண்டால் தவறில்லை.

அந்நாளுக்குரிய கடமைகளுள் இரண்டினை நீங்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். ஒன்று, குறைந்தது ஒரு நண்பருக்காவது, குறைந்தது இரண்டு வகை உணவுப் பண்டங்களை அனுப்ப வேண்டும். மற்றொன்று, குறைந்தது இரண்டு ஏழைகளுக்காவது கொடை வழங்க வேண்டும். இவை விரும்பினால் செய்யும் உபசாரங்கள் அல்ல, எண்ணிக்கையோடு விதிக்கப்பட்ட கடமைகள். தான் மட்டும் உண்டு மகிழ்ந்தவன் பண்டிகையைக் கொண்டாடியவனாகக் கருதப்படான்.

இனிப் பலகாரத்திற்கு வருவோம். ஐரோப்பிய யூதர்கள் இப்பண்டிகைக்குச் செய்வது ஒரு முக்கோணப் பிஸ்கட்டு. அதற்கு ஆமன்தாஷன் என்று பெயர். ஜெர்மானிய மொழியில் மோன் என்றால் கசகசா, தாஷே என்றால் பை. கசகசாப் பை என்ற பொருளில் மோன்தாஷன் என்று வழங்கிய பண்டம், ஓசை ஒற்றுமையால் ஆமானின் பை என்று ஆகிவிட்டது என்பர். எபிரேய மொழியில் இதனை ஆமானின் காதுகள் என்பார்கள். பகைவன் காதைக் கடித்துத் தின்னும் மகிழ்ச்சியைச் சிறுவர்களுக்கு வேறு எப்பலகாரம் தரும்?

கசகசா ஏன் என்பதற்கும் ஒரு மரபுக் காரணம் உண்டு. அரண்மனையில் வாழ்ந்த எஸ்தர், தன் சமய விதிக்கு மாறான உணவைத் தொடாமல், விதைகளையும் பருப்பு வகைகளையும் உண்டே நாள் கழித்தாள் என்று கூறுவர். அதனால் விதையும் கடலையும் இப்பண்டிகையில் இடம்பெற்றன. அவித்த கொண்டைக்கடலை உண்பதும் பல ஊர்களில் பூரீம் வழக்கம். நவராத்திரிச் சுண்டலைக் கண்ட நமக்கு இதில் வியப்பொன்றும் இராது.

கசகசாவும் நமக்குப் புதியதன்று. நம் சோமாசியின் பூரணத்தில் பொட்டுக்கடலை, சர்க்கரை, தேங்காய், ஏலம் இவற்றோடு கசகசாவும் சேரும். இவ்வூர்க் கன்னட மக்கள் அதே பண்டத்தைக் கர்ஜிகாயி என்கின்றனர். அவர்கள் வீட்டு விருந்துகளில் கசகசெப் பாயசத்தை உண்டு, பிற்பகலில் கண்ணயர்ந்தவர்கள் இவ்வவையில் பலர் இருப்பர். சுருங்கச் சொன்னால், எண்ணெயில் பொரிக்காமல் அனலில் வேகவைத்த முக்கோணச் சோமாசியே ஆமன்தாஷன்.

செய்முறையைத் தாய்மார்கள் குறித்துக்கொள்ளலாம். இருநூற்றைம்பது கிராம் மைதா மாவில் அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து சலித்துக்கொள்ள வேண்டும். நூற்றிருபத்தைந்து கிராம் வெண்ணெயையும் எழுபத்தைந்து கிராம் பொடித்த சர்க்கரையையும் நன்றாகக் குழைத்து, அதில் மாவைச் சேர்த்து, ஒரு முட்டையை உடைத்து ஊற்றிப் பிசைய வேண்டும். முட்டை விலக்குடையோர் மூன்று மேசைக்கரண்டி பால் சேர்க்கலாம். சப்பாத்தி மாவைப் போல் நெடுநேரம் பிசைதல் ஆகாது. பிசைந்தால் பிஸ்கட்டு கடினமாகிவிடும். மாவு ஒன்று சேர்ந்தவுடன் மூடி, அரை மணி நேரம் குளிர்ந்த இடத்தில் வைத்துவிட வேண்டும்.

பூரணத்திற்கு நூறு கிராம் கசகசாவை ஒரு மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, நூற்றைம்பது மில்லி பால் விட்டுக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். எழுபத்தைந்து கிராம் சர்க்கரையும் ஒரு கரண்டி நெய்யும் சேர்த்து, அல்வாப் பதம் வரும்வரை சிறுதீயில் கிளற வேண்டும். உலர்ந்த திராட்சையும், துருவிய எலுமிச்சைத் தோலும் இறுதியில் சேர்ப்பது அவர்கள் வழக்கம். ஏலப்பொடி சேர்ப்பது நம் வழக்கமாக இருக்கட்டும். ஐரோப்பாவில் கிடைப்பது கருநீலக் கசகசா. நம் கடைகளில் கிடைப்பது வெள்ளை. நிறம் மாறுமே அன்றிச் செய்முறை மாறாது. பூரணம் முற்றும் ஆறிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

மாவைக் கால் விரற்கடை கனத்திற்குத் தேய்த்து, மூன்று அங்குல அகலமுள்ள டம்ளரின் வாயால் வட்டமாக வெட்டிக்கொள்க. நடுவில் ஒரு தேக்கரண்டி பூரணம் வைத்து, மூன்று பக்கமும் உள்நோக்கி மடித்து, மூன்று முனைகளையும் அழுத்திக் கிள்ளிவிடுக. நடுவில் பூரணம் சிறிது தெரிய வேண்டும். முனைகளை அழுத்தாமல் விட்டால் சூட்டில் விரிந்து, முக்கோணம் மீண்டும் வட்டமாகிவிடும். ஓவன் உள்ளவர்கள் நூற்றெண்பது டிகிரிச் சூட்டில் பதினைந்து நிமிடம் முதல் இருபது நிமிடம் வரை வைத்து, விளிம்பு பொன்னிறமானதும் எடுத்துவிடலாம். ஓவன் இல்லாதவர்கள், கனத்த இரும்புச் சட்டியில் இரண்டங்குல உயரம் மணலோ கல்லுப்போ பரப்பி, அதன்மேல் ஒரு வளையம் வைத்து, மூடிப் பத்து நிமிடம் காயவிட்டு, தட்டில் பலகாரங்களை அடுக்கி வளையத்தின் மீது வைத்து, மீண்டும் மூடி, மிதமான தீயில் இருபத்தைந்து நிமிடம் வரை வேகவிடலாம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. ஐக்கிய அரபு நாடுகள், சவூதி அரேபியா, சிங்கப்பூர் முதலிய இடங்களுக்குக் கசகசாவைக் கொண்டுசெல்வது சட்டப்படி குற்றம். அங்குள்ள பிள்ளைகளுக்குப் பொட்டலம் கட்டும் தாய்மார்கள் பேரீச்சம்பழத்தை மசித்துப் பூரணமாக வைக்கலாம். பாக்தாத் நகரத்து யூதர்கள் தம் பூரீம் பலகாரங்களுள் சிலவற்றில் பேரீச்சம்பழத்தையே வைத்தனர். ஆதலின் அதுவும் மரபுக்கு மாறானதன்று.

இதுவரை கூறியது ஐரோப்பிய யூதர் வழக்கம். நம் இந்தியாவிலும் யூதர்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவந்துள்ளனர். கொச்சி யூதர்களுக்குச் சேர மன்னர் பாஸ்கர ரவி ஏறக்குறைய கி.பி. 1000ஆம் ஆண்டில் அளித்த செப்பேடு புகழ்பெற்றது. யோசேப்பு ரப்பான் என்பவருக்கு எழுபத்திரண்டு உரிமைகளை வழங்கும் அச்செப்பேடு வட்டெழுத்தில், தமிழோடு நெருங்கிய பழமொழியில் எழுதப்பட்டது. மட்டாஞ்சேரியில் அவர்கள் 1568ஆம் ஆண்டு எழுப்பிய பரதேசி செபாலயம் இன்றும் நிற்கிறது. அச்சமூகத்துப் பெண்கள் மலையாளத்தில் சமயப் பாடல்களைப் பாடி, அவற்றைக் கையெழுத்துப் புத்தகங்களில் எழுதி, தாய் மகளுக்கு அளித்துக் காத்தனர்.

கொங்கணக் கடற்கரையில் வாழ்ந்தவர்கள் பெனே இஸ்ரேல் என்னும் பிரிவினர். அலிபாக் அருகே நவகாவ் என்ற இடத்தில் கப்பல் உடைந்து, ஏழு ஆடவரும் ஏழு பெண்டிரும் மட்டும் கரை சேர்ந்தனர் என்பதும், அவர்கள் வழிவந்தோரே தாங்கள் என்பதும் அவர்களின் மரபுக் கதை. நூல்களெல்லாம் கடலோடு போயின. காலப்போக்கில் எபிரேய மொழியை மறந்தனர், மராத்தியே தாய்மொழியாயிற்று. எண்ணெய் ஆட்டும் தொழிலை மேற்கொண்டனர். ஆயினும் சனிக்கிழமை ஓய்வை விடவில்லை. அதனால் ஊரார் அவர்களைச் சனிவார் தேலி, அதாவது சனிக்கிழமைச் செக்கார் என்று அழைத்தனர்.

பின்னாளில் தாவீது ரஹாபி என்ற யூதப் பெரியவர் அவர்களிடம் வந்தார். இவர்கள் உண்மையில் யூதர்தாமா என்பதை அறிய அவர் ஒரு சோதனை செய்தார் என்பர். அவ்வீட்டுப் பெண்களிடம் பலவகை மீன்களைக் கலந்து கொடுத்துச் சமைக்கச் சொன்னார். அவர்கள் செதிலும் துடுப்பும் உடைய மீன்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை ஒதுக்கிவைத்தனர். யூத விதி அதுவே. அவர்கள் தம்மவரே என்று ரஹாபி தெளிந்தார். அன்பர்களே, இக்கதையைப் படித்தபோது யாம் நெடுநேரம் அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை. நூல் போயிற்று, மொழி போயிற்று, பிறந்த நாட்டின் நினைவே மங்கிற்று. எஞ்சி நின்றவற்றுள் ஒன்று அடுப்பங்கரை. அங்கு நின்ற பெண்களின் கை அறிந்திருந்ததே ஓர் இனத்திற்கு அடையாளச் சீட்டாயிற்று.

இவர்கள் பூரீம் பண்டிகையை எவ்வாறு கொண்டாடினர் என்று கேட்பீர்கள். மராத்திய மக்களின் ஹோலிப் பண்டிகை அதே முழுநிலவையொட்டி வருவதால், அவர்கள் பூரீமை ஹோலிச்சா சண் என்றே அழைத்தனர். சண் என்றால் மராத்தியில் பண்டிகை. அன்று அவர்கள் வீட்டில் செய்த பலகாரம் பூரண போளி! இங்குக் கன்னட மக்கள் உகாதிக்குச் செய்யும் ஒப்பட்டு, நம் வீட்டுப் போளி, அதுவே அவர்களின் பூரீம் பலகாரம். மற்றொரு பண்டிகைக்கு அவர்கள் இட்ட பெயர் கீரிச்சா சண், பாயசப் பண்டிகை என்று பொருள். நன்றி செலுத்தும் நாள்களில் அவர்கள் எலியா தீர்க்கதரிசியை நினைந்து மலிதா என்ற படையல் செய்வர். ஊறவைத்த அவலில் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் ஏலமும் கலந்து, சுற்றிலும் வாழைப்பழம் முதலிய கனிகளை வைப்பர். கோகுலாஷ்டமிக்கு நாம் அவல் வைப்பதை ஒத்திருக்கிறதன்றோ?

கல்கத்தாவில் குடியேறிய பாக்தாத் யூதர்களின் வழக்கம் வேறு. அவர்கள் பூரீமுக்குச் செய்யும் பிஸ்கட்டு ஹாஜி பாதா எனப்படும். அரைத்த பாதாம், மாவு, சர்க்கரை, முட்டை, ஏலம் இவற்றைப் பிசைந்து, கையில் பன்னீரைத் தடவிக்கொண்டு சிறு உருண்டைகளாக்கி, தட்டி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பாதாம் பருப்பை அழுத்தி வேகவைப்பர். அச்சமூகத்தைச் சேர்ந்த நகூம் என்பார் 1902ஆம் ஆண்டில் தொடங்கிய பேக்கரி கல்கத்தா நியூ மார்க்கெட்டில் புகழ்பெற்றது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த கல்கத்தா யூதர்களுள் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. ஆயினும் அக்கடையில் இந்துவும் முஸ்லிமும் அடுப்படியில் நின்று பணிபுரிய, கிறித்துமஸ் வந்தால் எல்லாச் சமயத்தாரும் வரிசையில் நின்று கேக்கு வாங்கினர். பலகாரம் செய்தவர் குறைந்தாலும், அதன் சுவையை அறிந்த அயலார் குறையவில்லை.

நாம் வாழும் இம்மைசூர்ச் சீமைக்கும் இம்மக்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. பெனே இஸ்ரேல் வகுப்பைச் சேர்ந்த சாமுவேல் எசக்கியேல் திவேகர் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பணியாற்றி, மைசூர்ப் போரில் சிறைப்பட்டார். அவர் இஸ்ரேலின் மக்களுள் ஒருவர் என்று அறிந்த திப்பு சுல்தானின் அன்னையார், திருக்குர்ஆனில் பேசப்படும் அம்மக்களைத் தாம் கண்டதே இல்லை என்று கூறி, அவர் உயிரைக் காக்கச் செய்தார் என்பது அச்சமூகத்தின் மரபுரை. விடுதலை பெற்று மீண்ட திவேகர், நன்றிக்கடனாக 1796ஆம் ஆண்டு பம்பாயில் ஒரு செபாலயம் கட்டினார். அதன் பெயர் கருணையின் வாயில். மக்கள் அதனையும் மசூதி என்றே வழங்கினர் என்றும், பம்பாயில் உள்ள மஸ்ஜித் ரயில் நிலையத்தின் பெயர் அதனால் வந்தது என்றும் சொல்வாருண்டு. ரயில்வே ஊழியராகிய எமக்கு இது தனி மகிழ்ச்சி. அச்சமூகத்தவர் பலர் பிற்காலத்தில் ரயில்வேயிலும் தபால் இலாகாவிலும் இராணுவத்திலும் பணிபுரிந்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதே திப்பு சுல்தான், தம் யானையின் கண் நோய் இவ்வூர்ப் பெருமானின் அருளால் நீங்கியதென்று நம்பி, ஸ்ரீகண்டேசுவரருக்கு ஹக்கீம் நஞ்சுண்டன் என்று பெயரிட்டு, பச்சைக்கல் லிங்கம் ஒன்றை அளித்தார் என்பது நம் நஞ்சன்கூட்டு மரபுரை. நஞ்சுண்டன் என்ற பெயரைக் கேட்கும்போதெல்லாம் இது நம் சொல்லே என்று தமிழர் நெஞ்சு மகிழ்கிறது. இது நம் சொல்லே என்று கன்னடர் நெஞ்சும் மகிழ்கிறது. இரண்டும் மெய்யே.

அன்பர்களே, இத்தனையும் எடுத்துரைத்ததற்குக் காரணம் உண்டு. புலம்பெயர்ந்து வாழும் சிறு கூட்டத்தாருக்கு இரண்டு அச்சங்கள் உண்டு. ஒன்று, அயலாரோடு கலந்தால் நாம் கரைந்துபோவோமோ என்பது. மற்றொன்று, கலவாமல் இருந்தால் அயலார் நம்மைப் பகைப்பாரோ என்பது. போளியைப் பூரீம் பலகாரமாக்கிக்கொண்ட அந்தப் பெனே இஸ்ரேல் தாய்மார் முதல் அச்சத்திற்கு விடை கூறிவிட்டனர். பண்டம் மராத்தியருடையது, பெயரும் மராத்தியருடையது, ஆயினும் எஸ்தரின் கதையைச் சொல்லி அதனைப் பிள்ளைக்கு ஊட்டியவரையில் அது யூதப் பலகாரமே. எந்த ஊர்ப் பண்டம் என்பது பெரிதன்று. எதற்காகச் செய்கிறோம் என்று பிள்ளைக்குச் சொன்னோமா, யார் வீட்டிற்கு அனுப்பினோம் என்னும் இவ்விரண்டுமே பெரிது.

இரண்டாம் அச்சத்தைப் பற்றிப் பேசும்போது 1991ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தை மறைத்துப் பேசல் இயலாது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளிவந்ததையொட்டி, பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழர்மீது வன்முறை நிகழ்ந்தது. அப்போது எமக்குப் பன்னிரண்டு வயது. மைசூருக்கு அருகில் ஒரு குடியிருப்பில் இருந்தோம். அடுத்த வீட்டில் ஒரு கன்னட அம்மையார் இருந்தார்; நாங்கள் அஜ்ஜி என்று அழைப்போம். தீபாவளிதோறும் எம் அன்னையார் அதிரசமும் முறுக்கும் ஒரு தட்டில் வைத்து, துணி மூடி, எம் கையில் கொடுத்து அவ்வீட்டிற்கு அனுப்புவார். அதிரசத்தை அவர் கஜ்ஜாய என்பார். உகாதிக்கு அத்தட்டு ஒப்பட்டோடு திரும்பி வரும். அந்த டிசம்பர் மாலையில் அஜ்ஜி தாமே வந்து, எம்மையும் எம் தங்கையையும் கைப்பிடித்துத் தம் வீட்டிற்கு அழைத்துச்சென்றார். இரண்டு இரவுகள் அவர் பேரப்பிள்ளைகளோடு உறங்கினோம். வாசலில் வந்து கேட்டவர்களிடம், எல்லாம் நம் பிள்ளைகள்தாம் என்று கன்னடத்தில் சொல்லிக் கதவை அடைத்தார்.

அத்தட்டுதான் எங்களைக் காத்தது என்று யாம் உரைக்கமாட்டோம். அவ்வம்மையார் நல்லவர், அதனால் காத்தார். பலகாரம் அனுப்பியும் காக்கப்படாத குடும்பங்கள் அந்நாளில் இருந்திருக்கலாம். ஆயினும், அஜ்ஜி எங்கள் பெயரை அறிந்திருந்தது அத்தட்டினால். எங்கள் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்பதை அவர் அறிந்திருந்ததும் அத்தட்டினால். பெயரறியாத ஒரு கூட்டத்தை வெறுப்பது எளிது. ஆண்டுதோறும் தட்டெடுத்து வரும் ஒரு பிள்ளையை வெறுப்பது அத்துணை எளிதன்று.

இன்று நம் குடியிருப்பில் அத்தட்டு எந்நிலையில் உள்ளது? தீபாவளிக்குக் கடையில் வாங்கிய இனிப்புப் பெட்டி ஒரு தமிழர் வீட்டிலிருந்து மற்றொரு தமிழர் வீட்டிற்குப் போகிறது; பிரிக்கப்படாமலே மூன்றாம் வீட்டிற்கும் போகிறது. வேலைக்குச் செல்லும் தாய்மார்க்கு நேரமில்லை என்பதை யாம் அறிவோம். இது குறை கூறும் பேச்சன்று. ஆடவர்க்கும் கை உண்டு, சட்டியில் மணலைக் கொட்டுவதற்குப் பட்டம் தேவையில்லை. சென்ற ஞாயிறன்று எம் இல்லத்தில் மாவைத் தேய்த்தவர் யாமே. வட்டம் வெட்டியவள் எம் மகள். முனையைக் கிள்ளியவன் எம் மகன். ஆமானின் காதை எத்தனை தரம் கடித்தான் என்பதைக் கணக்கெழுதும் எம்மாலும் எண்ண முடியவில்லை.

ஆதலின் சங்கத்தின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, வரும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பலகாரமாவது பிள்ளைகளின் கையால் செய்யப்பட வேண்டும். செய்யும்போது அப்பண்டிகையின் கதையைத் தமிழில் சொல்ல வேண்டும். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கும் நம் பிள்ளைகள் தமிழ்ச் சொற்களை எங்கே கற்பர்? பாகுபதம், பூரணம், கொரகொரப்பு, விரற்கடை என்னும் சொற்களைப் பாடநூல் கற்பிக்காது, அடுப்படி கற்பிக்கும்.

இரண்டாவது, யூதர்களின் கணக்கையே நாமும் கைக்கொள்வோம். இரண்டு வகைப் பண்டம், ஒரு தட்டில், தமிழர் அல்லாத ஒரு வீட்டிற்கு. குறைந்தது ஒன்று. பிள்ளையின் கையிலேயே கொடுத்து அனுப்புவோம். தட்டைக் கொடுத்துவிட்டு ஓடி வராமல், நின்று இரண்டு வார்த்தை கன்னடத்தில் பேசிவிட்டு வரட்டும்.

மூன்றாவது, இரண்டு ஏழைகளுக்குக் கொடை என்ற கடமை. நஞ்சன்கூட்டுத் தொழிற்பேட்டையில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, தகரக் கொட்டகைகளில் தங்கி உழைக்கும் இளைஞர்களை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். ரயிலை விட்டு இறங்கி, மொழி தெரியாமல் வழி கேட்டு நிற்போரை யாம் நிலையத்தில் காண்கிறோம். நம் தந்தையரும் பாட்டனாரும் ஒரு நாள் அவ்வாறே நின்றவர்கள். பண்டிகை நாளில் அவர்களுக்கு வீட்டுப் பலகாரம் அனுப்ப யாரும் இல்லை. சங்கத்தின் பெயரால் இவ்வாண்டு முதல் நாம் அனுப்புவோம்.

நம் ஊரைத் தழுவிச் செல்லும் கபினி, திருமகூடலு நரசீபுரத்தில் காவிரியோடு கலந்து, தமிழகம் சென்று, டெல்டா வயல்களில் பாய்கிறது. அந்நீரைப் பங்கிடுவது பற்றி மன்றங்களும் அரசுகளும் வழக்காடட்டும். அது பெரியோர் தொழில். தட்டில் உள்ளதைப் பங்கிடும் தொழில் நம் கையில் உள்ளது. அதற்கு யாருடைய ஆணையும் வேண்டியதில்லை.

மாதர் குழுவினரின் மேசையில், எம் இல்லத்தார் செய்த நாற்பது ஆமன்தாஷன்கள் உள்ளன. கூட்டம் முடிந்ததும் சுவைத்துப் பாருங்கள். ஒருவர் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்றை இங்கே உண்டு, மற்றொன்றை வீடு திரும்பும் வழியில் அண்டை வீட்டுக் குழந்தைக்குக் கொடுங்கள்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வாழ்க நம்மை வாழவைக்கும் இம்மண்ணின் மக்கள்!